ஆணா, பெண்ணா? ஒளியைக் கேளுங்கள்!

மீன் வளர்க்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தொட்டியில் இருப்பவற்றுள் எது ஆண், எது பெண்?" மீன் கடையில் கேட்டால், "பளிச்சென்று இருப்பது ஆண், மங்கலாக இருப்பது பெண்" என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் நன்னீரில் வாழும் வானவில் மீன்களுக்கு இவ்விடை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நம் ஊர் வாய்க்கால் மீன் ஒன்றுக்கு இதே விதியைப் பயன்படுத்தினால் ஏமாந்து போவோம்.

ஊர்ப்பெயர் தாங்கிய மீன்

செஞ்சிப் பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, வில்லியனூரைக் கடந்து கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. ஒரு கிளைக்கு அரியாங்குப்பம் ஆறு என்று பெயர். அந்த ஆற்றில் கிடைத்த ஒரு சிறு மீனைப் பிரெஞ்சு விலங்கியலறிஞர் குவியே 1831-இல் விவரித்து எழுதினார். ஊர்ப்பெயரின் பின்பாதியே மீனின் பெயராயிற்று. இன்று அதன் அறிவியல் பெயர் சூடோஸ்பிரோமினஸ் குப்பானஸ்.

இம்மீன் சுமார் 6 சென்டிமீட்டர் நீளமே வளரும். புல் மண்டிய வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் வாழும். பனையேறிக் கெண்டையைப் போலவே, நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. கொசுப் புழுக்களை விரும்பி உண்பதால் நமக்கு நண்பனும் ஆகும்.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது?

சாதாரண நாட்களில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு நிறம். முட்டையிடும் வேளையில் ஆணின் உடலில் சிவப்புச் சாயல் கூடும். பெண்ணோ ஏறக்குறையக் கறுப்பாகவே மாறிவிடும்! எடுப்பாகத் தெரிவதுதான் ஆண் என்று நம்புகிறவர் இங்கே தலைகீழாக முடிவு செய்துவிடுவார்.

மீனின் தோலில் கரும்பொருள் துகள்களைக் கொண்ட செல்கள் உள்ளன. துகள்கள் செல் முழுதும் பரவினால் மீன் கறுக்கும். நடுவில் ஒன்றுகூடினால் வெளுக்கும். அச்சம், உணர்ச்சி, சுற்றுப்புற வெளிச்சம் எல்லாமே இதை மாற்றும். மீனின் மினுமினுப்போ, குவானின் என்னும் பொருளாலான மெல்லிய படிகத் தகடுகளில் ஒளி எதிரொளிப்பதால் உண்டாவது. மழை ஈரச் சாலையில் எண்ணெய்ப் படலத்தின் நிறம் பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறுவதைப் போல, இதுவும் மாறும். ஆகவே, நிறம் என்பது மீனின் அப்போதைய நிலையைச் சொல்லும் செய்தி. நிலையான அடையாளம் அன்று.

துடுப்பைப் பாருங்கள்

வடிவம் நிறத்தைவிட நம்பத்தக்கது. வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் பின்புறம் நீண்டு கூராக முடியும். வால் துடுப்பின் நடுக்கதிர்கள் முள்போல் வெளியே நீளும். பெண்ணிடம் இவை குட்டையாக இருக்கும். ஆனால் இளம் ஆணுக்கு இவை இன்னும் வளர்ந்திரா. சண்டையிட்ட மீனுக்குக் கிழிந்திருக்கும். அப்போது என்ன செய்வது?

டார்ச் சோதனை

மீனை நீருடன் ஒரு தெளிந்த கண்ணாடிப் பாத்திரத்தில் விடுங்கள். அறையை இருட்டாக்கி, பாத்திரத்தின் பின்னாலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சி, முன்னாலிருந்து பாருங்கள். இதுவரை மீன்மேல் பட்டுத் திரும்பிய ஒளியில் பார்த்தோம். இப்போது மீனை ஊடுருவி வரும் ஒளியில் பார்க்கிறோம். சிறு மீனின் உடல் ஓரளவு ஒளியை விடும். உள்ளே வால் பக்கமாகக் கூம்பிச் செல்லும் காற்றுப்பை தெரியும். அதற்குக் கீழே மஞ்சள் கலந்த, ஒளி புகாத முக்கோணம் ஒன்று தெரிந்தால் அதுவே சினைப்பை, மீன் பெண்.

கண்ணாடித் துண்டு ஒளியை விடும். அதையே தூளாக்கினால் வெண்மையாகி மறைக்கும். எண்ணற்ற பரப்புகளில் ஒளி சிதறுவதே காரணம். நெருங்கிய முட்டைகளிலும் இதுவே நிகழ்கிறது.

ஓர் எச்சரிக்கை: முக்கோணம் தெரிந்தால் பெண் எனலாம், தெரியாவிட்டால் ஆண் என்று முடிவு கட்டலாகாது. பருவமடையாத பெண்ணிடமும் அது தெரியாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். சோதனையைச் சில நொடிகளில் முடித்துவிடுங்கள், மீனை வருத்தலாகாது.

எதற்கு இவ்வளவு கவனம்?

இலையடியில் குமிழிக்கூடு கட்டுவதும், கீழே விழும் முட்டைகளை வாயால் எடுத்துக் கூட்டில் சேர்ப்பதும், காவல் காப்பதும் பெரும்பாலும் ஆணின் பொறுப்பு. முட்டையிட்ட பெண்ணைச் சிறு தொட்டியில் ஆண் துரத்தும். ஆதலால் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். நிறத்தை நம்பியவர் கறுத்த பெண்ணை ஆண் என்று விட்டுவைத்து, காவல் தந்தையை வெளியேற்றிவிடுவார். முட்டைகள் வீணாகும்.

அடுத்த முறை வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு வாய்க்காலில் இம்மீனைக் கண்டால் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். பார்த்தபின் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கடையில் வாங்கிய வெளிநாட்டு மீன்களை மட்டும் அந்நீரில் விடாதீர்கள். அது நம் ஊர்ப்பெயர் தாங்கிய மீனின் வீடு.