இராதையின் ஊடலும் அரசாங்கத் தடையும்

காமத்தைப் பற்றிய பேச்சு எழுந்தவுடனே, “எங்கள் பண்பாடு இதனைப் பொறுக்காது” என்று கொதித்தெழுவோர் பல நாடுகளிலும் உளர். அப்பண்பாடு எந்த நூற்றாண்டுக்குரியது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. தஞ்சையிலே பிறந்து, சென்னையிலே தடையுண்ட ஒரு தெலுங்கு நூலின் வரலாற்றை நோக்கினால் அவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

நூலின் பெயர் ‘இராதிகா சாந்த்வனம்’. இராதையின் ஊடலைத் தணித்தல் என்பது பொருள். இயற்றியவர் முத்துப்பழனி என்னும் கணிகை. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையிலே மதிப்புடன் விளங்கியவர். தமிழ்நாட்டிலே, மராட்டியர் அவையிலே, தெலுங்கு எவ்வாறு வந்தது என மாணவர் கேட்கலாம். நாயக்க மன்னர் காலந்தொட்டு அவ்வவையிலே கவிதைக்குரிய மொழியாகத் தெலுங்கு வேரூன்றியிருந்தது.

இராதை தான் வளர்த்த இளாதேவியைக் கண்ணனுக்கு மணஞ்செய்து கொடுக்கிறாள். மணமக்கள் இருவருக்கும் இல்வாழ்க்கையின் இன்பத்தைப் பற்றித் தானே அறிவுரை கூறி அனுப்புகிறாள். அனுப்பிய பின்னரோ பிரிவும் பொறாமையும் தாளாது வெதும்புகிறாள். கண்ணன் வந்து பணிந்து அவள் சினத்தை ஆற்றவேண்டியதாகிறது. ஆண் புலவர் பலர் பாடிய சிருங்காரத்திலே பெண் விரும்பப்படுபவள். இங்கே அவள் விரும்புபவள், விரும்புவதை நாணாது சொல்பவள். தம் குலத்தைக் கூறுமிடத்தும் முத்துப்பழனி தம் பாட்டியார் தஞ்சநாயகி முதலிய பெண்களையே பெருமிதத்துடன் குறிப்பிடுகிறார்.

இந்நூலை இழித்துரைத்தவர் பழைமைவாதி ஒருவர் அல்லர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. அவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. 1881இல் இராஜமுந்திரியிலே விதவை மறுமணம் நடத்திவைத்த பெருஞ் சீர்திருத்தவாதி. பெண்ணின் வாயிலிருந்து வருதற்கும் பெண்ணின் செவியிலே விழுதற்கும் தகாத பகுதிகள் இதிலே உள்ளன என்று அவர் எழுதினார். அவர் பெண்குலத்தின் பகைவர் அல்லர். அக்குலத்தைக் காப்பதாகவே எண்ணினார். ஆங்கிலக் கல்வியோடு வந்த புதிய நாணம், கணிகையரின் கலையை அவர்களின் வாழ்வோடு சேர்த்தே ஒதுக்கிய காலம் அது.

அவருக்கு விடையளித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். இன்று நம்மவர் அவரைத் திருவையாற்றிலே தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய இசைச்செல்வியாகவே அறிவர். அவர் முன்வந்த பதிப்பின் குறைகளைக் கண்டு ஏட்டுப்பிரதியைத் தேடிப் பெற்று, 1910இல் சென்னை வாவிள்ள நிறுவனத்தின் மூலம் நூலை முழுமையாக வெளியிட்டார். நாணம் என்பது பெண்களுக்கு மட்டுந்தானா உரியது என்று பந்துலுவை அவர் வினவினார். இதனினும் வெளிப்படையான ‘வைஜயந்தி விலாசம்’ பந்துலுவின் மேற்பார்வையிலேயே அச்சேறியதையும் எடுத்துக்காட்டினார். வினா கூரியது, தக்க விடை வந்ததாக நாம் படித்ததில்லை. இயற்றியவளும் கணிகை, பதிப்பித்தவளும் கணிகை என்ற ஏளனமே பத்திரிகையிலே வந்தது.

1911இல் சட்டம் தலையிட்டது. அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சில பகுதிகளைத் தகாதன என்றார், பிரதிகள் கைப்பற்றப்பட்டன, பண்டிதர் சிலர் நூலுக்காகப் பரிந்து விண்ணப்பித்தும் பயன் விளையவில்லை. அந்நாளில் ஆங்கில நீதிமன்றங்கள் கைக்கொண்ட அளவுகோல் இலண்டனில் 1868இல் வகுக்கப்பட்டது. எளிதிற் கெடக்கூடிய உள்ளத்தைக் கெடுக்கும் போக்கு நூலுக்கு உண்டா என்பதே அதன் கேள்வி. நூல் முழுவதையும் நோக்காது, சில வரிகளைப் பிரித்தெடுத்துத் தீர்ப்பளிக்க அது இடந்தந்தது. இலங்கையிலும் 1927இல் ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச்சட்டம் பிறந்தது. இவ்வாறு வந்த சட்டங்களின் குரலைத் தொன்மையின் குரலென்று மயங்குவோர் பலர். சங்கத்துப் பெண்பாற் புலவர் தலைவியின் வேட்கையைப் பாடினர். ஆண்டாள் தன் உடலையும் உள்ளத்தையும் இறைவனுக்கே என்று பாடியதை நாம் கோயிலிலே ஓதுகிறோம்.

இளஞ்சிறார் கையிலே இந்நூலைக் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பின், வேண்டாம் என்றே நாமும் சொல்வோம். எந்த வயதிலே எதைப் படிப்பிப்பது என்பது வீட்டாரும் ஆசிரியரும் முடிவுசெய்யும் காரியம். வளர்ந்தோரிடமிருந்தும் நூலைப் பறித்து அழிப்பது வேறு காரியம். கவிதை சுவைக்கவில்லையாயின் அதனை எழுத்திலே கண்டிக்க வீரேசலிங்கனாருக்கு முழு உரிமை இருந்தது. அவ்வுரிமையே நாகரத்தினம்மாளுக்கும் இருந்தது. பொலிசார் நுழைந்ததும் வாதம் நின்றது. ஒருவர் பேச்சு மட்டும் மறைந்தது.

பிரகாசம் பந்துலு சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது தடை நீங்கியது; அது 1947ஆம் ஆண்டு. வாவிள்ள நிறுவனத்தார் 1952இல் நூலை மீண்டும் அச்சிட்டனர். நாகரத்தினம்மாள் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.