கதை முடிந்ததும் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

பாடத்தை வாசித்து முடித்ததும் பின்பக்கக் கேள்விகளுக்குப் போய்விடுவது நம் வகுப்பறைகளின் வழக்கம். எந்தக் கேள்விக்கு எந்த வரி விடை என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்கிறோம். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஆனால் படித்ததைப் பற்றித் தானாக யோசிக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

யோசிக்கும் பழக்கத்தையும் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்து அதற்கான வழியை இங்கே படிப்படியாகத் தருகிறேன். காரைக்கால் மாவட்டத்தின் தெற்கு எல்லையில், நாகூரை ஒட்டி, கடலும் துறைமுகமும் அருகருகே இருக்கும் கீழவாஞ்சூரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தேவைப்படுபவை ஒரு கதை, ஒரு செய்தித்தாள் துணுக்கு, ஆளுக்கொரு நோட்டு, நான்கு பாடவேளை.

1. கதையைத் தேர்ந்தெடுத்தல்

நீதியைத் தானே சொல்லி முடித்துவிடும் கதை இதற்கு உதவாது. கதாபாத்திரங்கள் ஏன் இப்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்வி மிஞ்சும் கதைதான் வேண்டும். காரைக்கால் பிள்ளைகளுக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. காரைக்கால் அம்மையார் கதை இருக்கிறது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு, புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட அந்த அம்மையார் புதியவர் அல்லர். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய அந்தக் கதையை எளிய உரைநடையில், ஒன்றரைப் பக்கத்துக்குள் ஆசிரியரே எழுதிக்கொள்ளலாம். பக்திக் கதை என்பதோடு, ஒரு வீட்டில் கணவன் மனைவிக்கு இடையே நடந்த கதையாகவும் இதை வாசிக்க முடியும். அதனால் எந்த மதத்துப் பிள்ளைக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

2. நிறுத்தி நிறுத்தி வாசித்தல்

முதல் தடவை ஆசிரியர் உரக்க வாசிக்க, பிள்ளைகள் கேட்டால் போதும். இரண்டு இடங்களில் நிறுத்துங்கள். கணவர் பரமதத்தன் ஒரு மாம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றையும் கேட்கிறார். அதைப் புனிதவதி சிவனடியாருக்குக் கொடுத்தாயிற்று. இங்கே முதல் நிறுத்தம். பிறகு, புனிதவதி இறைவனை வேண்டிப் பெற்ற பழத்தைத் தருகிறார்; அது வந்த விதத்தைச் சொல்லியும் பரமதத்தன் நம்பாமல் இன்னொன்று கேட்டு வாங்க, அந்தப் பழம் அவர் கையில் வந்து மறைகிறது. இங்கே இரண்டாவது நிறுத்தம். “அடுத்து என்ன நடக்கும்?” என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி எழுதட்டும். ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகித்துவிட்ட பிள்ளை அடுத்த வரியைக் கவனிக்காமல் இருக்காது.

இது ஆராய்ச்சியிலும் சோதிக்கப்பட்ட முறை. பாலின்க்சர், பிரவுன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், வாசித்ததைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட்ட ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஊகித்தல், கேள்வி கேட்டல், புரியாததைத் தெளிவுபடுத்தல், சுருக்கிச் சொல்லுதல் ஆகிய நான்கையும் பழக்கினார்கள். மாணவர்களின் புரிதல் நன்றாகவே உயர்ந்தது.

3. காத்திருத்தல்

ஆசிரியருக்குக் கடினமான படி இதுதான். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் காட்டினார். அதையே மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். ஆகவே கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதலில் கை தூக்கும் பிள்ளையை உடனே கூப்பிடாதீர்கள்.

4. நான்கு கட்டம்

ஏய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் வகுத்த நான்கு கேள்விகள் இங்கே கைகொடுக்கும். கரும்பலகையை நான்காகப் பிரியுங்கள்: பிடித்தது, பிடிக்காதது, புரியாதது, ஒன்றுபோல் இருந்தது. பிள்ளைகள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். திருத்தி எழுதினால் அது உங்கள் வாக்கியம் ஆகிவிடும்.

மூன்றாவது கட்டத்துக்குத்தான் அதிக இடம் விட வேண்டும். கதையின் பிற்பகுதியில், பழம் மறைந்ததும் பயந்த பரமதத்தன் கப்பலேறிப் போய், வேறு ஊரில் மணம் செய்து, மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறார். “ரெண்டாவது பழத்தைக் கேட்டப்பவே, சாமியாருக்குக் குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்?” “கப்பல்ல போனவர் ஏன் வீட்டுக்கே திரும்பி வரலை?” “பயந்து போனவர் மகளுக்கு மட்டும் ஏன் அவங்க பேரையே வச்சாரு?” இப்படிக் கேள்விகள் வரும். இவற்றுக்கு உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். எந்தக் கேள்வியைப் பற்றிப் பேசலாம் என்று வகுப்பே தீர்மானிக்கட்டும்.

5. வரியைக் காட்டச் சொல்லுதல்

“புனிதவதி வீட்டுக்காரருக்குப் பயந்துட்டாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னால் சரி, தப்பு என்று சொல்லாமல், “எந்த வரியைப் படிச்சதும் உனக்கு அப்படித் தோணுச்சு?” என்று கேளுங்கள். பக்கத்தைத் திருப்பித் தேடட்டும். இன்னொரு பிள்ளை வேறு வரியைக் காட்டி, “பயமில்லை, சாமி செஞ்சதை வெளியே சொல்லக் கூடாதுன்னு நினைச்சாங்க” என்று மறுக்கலாம். இரண்டுக்கும் கதையில் இடமுண்டு. ஆனால் “அவங்க பொய் சொன்னாங்க” என்று சொன்னால் கதை அதற்கு இடம் தராது; பழம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது தயங்கினாலும் உண்மையைத்தான் சொன்னார். தோன்றியதையெல்லாம் சொல்வதற்கும் யோசித்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் இங்கேதான் கற்கிறார்கள்.

6. எழுதுதல்

மூன்று வாக்கியம் போதும்: முதலில் நான் நினைத்தது, இப்போது நினைப்பது, மாறியதற்கோ மாறாததற்கோ காரணம். இந்த நோட்டில் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஆசிரியர் ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தரட்டும்.

7. செய்தித்தாளுக்கு வருதல்

கதையில் பழகியதை அன்றாட வாசிப்பிலும் செய்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் “காரைக்கால் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்” என்ற செய்தி வரும். அதை வெட்டிக் கொண்டுவந்து அதே நான்கு கட்டத்தைப் போடுங்கள். 1 என்றால் என்ன? மொத்தம் எத்தனை எண்? யார் சொல்லி ஏற்றுகிறார்கள்? அப்பா கடலுக்குப் போகலாமா?

மொத்தம் 11 எண்கள். தொலைவில், கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை என்பதே 1-ஆம் எண்ணின் பொருள். இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும் இந்தக் கூண்டு துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் உரியது. மீனவர்களுக்கான எச்சரிக்கையை அந்தத் துறை தனியாகத் தருகிறது. ஆகவே கூண்டுச் செய்தியை மட்டும் படித்துவிட்டுக் கடலுக்குப் போகலாம் என்று முடிவெடுக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கிய கரை இது. இங்கே வளரும் பிள்ளைக்கு, படித்த செய்தி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்கத் தெரிந்திருப்பது உயிரைக் காக்கும் அறிவு.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் போதும். “என்ன படிச்சே?” என்பதோடு நிறுத்தாமல், “அதுல உனக்கு என்ன கேள்வி வந்துச்சு?” என்றும் கேளுங்கள். பிறகு பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.