சோம்பலா? சுரப்பியின் குறையா?

சோம்பலைக் கடிவதற்கென்றே திருவள்ளுவர் ‘மடியின்மை’ என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். உடலில் வலிமையிருந்தும் உழைக்க மனமில்லாதிருப்பது மடி. ஆனால், உழைக்க மனமிருந்தும் உடல் இடங்கொடாத நிலை ஒன்று உண்டு. இரவெல்லாம் உறங்கியும் காலையில் எழ இயலாமை, மாடிப்படி ஏறினாலே களைப்பு, படித்தது நினைவில் நில்லாமை ஆகியவற்றோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியை நாம் எளிதில் ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுகிறோம். அவள் கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சுரப்பியும் அதன் பணியும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயராதலால் தமிழில் கேடயச் சுரப்பி என்பர். எடை ஏறத்தாழ 20 கிராம். இது நாளமில்லாச் சுரப்பி. தன் சுரப்பை நேரே இரத்தத்தில் கலந்துவிடும். உணவிலுள்ள அயோடினைக் கொண்டு, நான்கு அயோடின் அணுக்கள் உள்ள தைராக்சினையும், மூன்று அணுக்கள் உள்ள டி-3 என்னும் ஹார்மோனையும் இது உண்டாக்குகிறது. உயிரணுக்கள் எவ்வளவு விரைவாக உணவை ஆற்றலாக்க வேண்டும் என்பதை இவை நெறிப்படுத்துகின்றன. விளக்குத் திரியை ஏற்றி இறக்கும் திருகு போன்றவை எனலாம். திரி தாழ்ந்தால் உடல் சோர்கிறது, குளிர் தாங்குவதில்லை, எடை கூடுகிறது, தோல் உலர்கிறது, முடி உதிர்கிறது, மலச்சிக்கல் உண்டாகிறது, பெண்களுக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு மிகலாம்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இதற்கு மேலதிகாரி. தைராக்சின் குறையும்போது அது டி.எஸ்.எச். என்னும் தூண்டும் ஹார்மோனை மிகுதியாக அனுப்பி விரட்டுகிறது. ஆகவே இரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால், தைராய்டு தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பான அளவு என்பர். ஆய்வுக்கூடத்திற்கு ஆய்வுக்கூடம் இது சிறிது மாறும்.

ஏன் தளர்கிறது?

அயோடின் பற்றாக்குறை ஒரு காரணம். அதனால் வரும் முன்கழுத்துக் கழலையைத் தடுக்க நம் அரசு 1962-இல் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அயோடின் கலந்த உப்பு பரவியபின், மற்றொரு காரணம் முன்னுக்கு வந்துள்ளது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே தைராய்டைப் பகையென்று கருதித் தாக்கும் நோய் அது. 1912-இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுவது. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது.

மருந்தும் அதை உண்ணும் முறையும்

1891-இல் ஆங்கில மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை நோயுற்ற பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அப்பெண்மணி இச்சிகிச்சையால் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் கெண்டால் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். இன்று உண்ணும் லீவோதைராக்சின் மாத்திரை, சுரப்பி தரவேண்டியதை நாமே ஈடுசெய்வதாகும்.

என் தாயார் இம்மாத்திரையை இரண்டாண்டுகள் உண்டும் களைப்பு நீங்கவில்லை. காலையில் காப்பியோடு மாத்திரை. அதே கையோடு இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள். மருத்துவர் அளவைக் கூட்டவில்லை, நேரத்தையே மாற்றினார். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் சிற்றுண்டியும் கொள்ள வேண்டும். இரும்பும் சுண்ணாம்பும் தைராக்சினைக் குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடா. ஆகவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு மாதங்களில் டி.எஸ்.எச். இயல்புக்கு வந்தது.

இம்மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எனவே அளவை மாற்றினால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மீண்டும் சோதிப்பர். நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. ‘குணமாகிவிட்டது’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான். கருவுற்ற பெண் நிறுத்துவது பெருந்தீங்கு. தொடக்க மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது.

வைட்டமின்கள் எவ்வளவு உதவும்?

டி.எஸ்.எச். சரியான பின்னும் என் தாயாருக்குச் சிறிது சோர்வு எஞ்சியிருந்தது. சோதித்ததில் வைட்டமின் பி-12 குறைவு. அவர் மரக்கறி உணவினர். இச்சத்தோ இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான் உண்டு. மேலும், ஹாஷிமோட்டோ நோயுள்ள சிலருக்கு இரைப்பையும் பழுதுற்று இச்சத்தை ஏற்க இயலாமற் போவதுண்டு. இரும்புச் சத்துக் குறைவும், வைட்டமின் டி குறைவும் களைப்பைத் தரக்கூடியவை. இரத்தச் சோதனையில் குறைவு தெரிந்தால் ஈடுசெய்வது நன்று. குறைவில்லாதவர் விழுங்கும் வைட்டமின் களைப்பைப் போக்காது. தைராக்சினுக்கு மாற்றாக எந்த வைட்டமினும் ஆகாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முடி வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு சோதனையின் முடிவையே திரித்துக் காட்டவல்லது; சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிட்டு, மருத்துவரிடமும் கூறவேண்டும். அயோடின் நல்லதென்று கடற்பாசி மாத்திரைகளை அளவின்றி உண்டால், ஏற்கெனவே பழுதுற்ற சுரப்பி மேலும் தளரக்கூடும்.

நண்பர்களே, களைப்பெல்லாம் தைராய்டால் வருவதன்று. உறக்கமின்மை, இரத்த சோகை, நீரிழிவு, மனச்சோர்வு எனக் காரணங்கள் பல. ஆயினும் வாரக்கணக்கில் நீங்காத களைப்பைச் சோதித்தறியாமல் சோம்பல் என்று முத்திரையிடுவது தவறு. அந்த இரண்டாண்டுகளும் என் தாயாரை, “எப்போதும் படுக்கைதானா?” என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் மறுமொழி சொன்னதில்லை. எழுந்து போய் அடுப்பை மூட்டுவார். மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ‘மருந்து’ என்று மற்றோர் அதிகாரமும் வகுத்துள்ளார். ஒருவரைக் கடியுமுன், அவருக்கு வேண்டியது இவ்விரண்டில் எது என்று ஆய்ந்து பார்ப்போமாக!