மாணாக்கர் செய்த மோட்டார்

2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம், ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் ஸுரிச் நகரையடுத்த டூபென்டார்ப் என்னும் ஊரில், மின்சாரத்தால் ஓடும் சிறிய பந்தய மோட்டார் வண்டியொன்று, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 விநாடியில் எட்டிவிட்டது. அதற்குள் அது கடந்த தூரம் 12.3 மீட்டர், நம்மவர் பழைய வீடொன்றின் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். மின்சார வண்டிகளில் இது உலக சாதனையென்று கின்னஸ் பதிவேட்டார் ஒப்புக்கொண்டனர். வண்டியைச் செய்தவர்கள் பெரிய முதலாளிகளல்லர். ஈ.டி.எச். ஸுரிச் சர்வகலாசாலையிலும் லூஸெர்ன் கலாசாலையிலும் வாசிக்கும் மாணாக்கர்களே.

வண்டியின் எடை சுமார் 140 கிலோ. சக்தியோ 326 குதிரைச் சக்தி. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மின்யந்திரம். ஆயினும் சக்தி மட்டும் இருந்தால் போதாது. சேற்றில் சிக்கிய பஸ்ஸின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழல்வதை யார்தான் பார்த்ததில்லை? தரையைப் பற்றினாலன்றி வண்டி நகராது. பந்தய வண்டிகளில் பொருத்தும் இறக்கைகள் காற்றின் உதவியால் வண்டியைக் கீழே அழுத்தும். ஆனால் புறப்படும் கணத்தில் எதிர்க்காற்று ஏது? ஆகவே இவ்விளைஞர்கள், வீட்டுத் தூசியை உறிஞ்சும் கருவியைப் போன்ற ஒன்றை அமைத்து, வண்டிக்கடியிலுள்ள காற்றை வெளியேற்றினார்கள். வெளிக்காற்றின் அமுக்கம் வண்டியைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

இதிலுள்ள சாஸ்திரம் புதிதன்று. இருபுறமும் குதிரைகளைப் பூட்டியிழுத்தும் பிரியாத உலோக அரைக்கோளங்களின் படத்தை நாமும் பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் பார்த்தோம், பரீட்சையில் எழுதினோம், மறந்தோம். அவர்கள் அதைக் கையால் செய்து பார்த்தார்கள்.

இத்தகைய மாணாக்கர் சங்கங்களுக்கு ஆதாரமாயிருப்பது வேறொரு போட்டி. 1981-ல் அமெரிக்காவில் தோன்றிய அது, பின்னர் ஐரோப்பாவிலும் 'பார்முலா ஸ்டூடண்ட்' என்ற பெயரால் பரவிற்று. ஜெர்மனியில் 2010 முதல் மின்சார வண்டிகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. சாதனை வண்டியின் சக்திக்கு அங்கே இடமில்லை. 80 கிலோவாட் என்பது வரம்பு. வேகம் பிறகு, முதலில் பத்திரம். வண்டியை 60 டிகிரி சாய்த்து ஏதேனும் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். மின்சாரம் ஓடும்போதே 120 விநாடி நீர் தெளித்துச் சோதிக்கிறார்கள். ஓட்டுகிறவர் 5 விநாடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பிறகு 22 கிலோமீட்டர் ஓட்டம். பல மாத உழைப்பு அங்கே நடுவழியில் நின்றுபோவதுமுண்டு.

எமக்கு மிகவும் பிடித்தது வேறு. 1,000 மதிப்பெண்ணில் 150, வண்டியின் அமைப்புக்கு நியாயம் சொல்வதற்கு. தொழிலில் தேர்ந்த நிபுணர்கள் எதிரே நின்று, "இந்தத் தண்டை ஏன் இவ்வளவு கனமாக வைத்தீர்கள்?" என்று கேட்பார்கள். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு நிற்கும் சாட்சியின் நிலைதான். "புஸ்தகத்தில் அப்படியிருக்கிறது" என்ற விடை அங்கே செல்லாது.

நம் நாட்டிலும் இம்முயற்சி இல்லாமலில்லை. 'பார்முலா பாரத்' என்னும் போட்டி கோயமுத்தூரையடுத்த காரி பந்தயப் பாதையில் நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ரப்தார்' குழுவினர் 2022 நவம்பரில் தங்கள் மின்சாரப் பந்தய வண்டியை வெளியிட்டனர். ஆனால் பெரிய ஸ்தாபனங்களுக்கு வெளியே நிலைமை என்ன? பட்டறையில் இரவு விழித்த பையனை மறுநாள் வருகைப் பதிவேட்டைக் காட்டி அதட்டும் ஆசிரியர்களே அதிகம். அவன் செய்யும் வேலை பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். எஞ்சினீரிங் கலாசாலை நிர்வாகிகளை நாம் கேட்பது இரண்டே: பட்டறைச் சாவியை மாலை ஐந்து மணிக்குமேலும் மாணாக்கரிடம் கொடுங்கள், ஒரு வருஷம் வண்டி கட்டியவனுக்கு அதையே ஒரு பரீட்சையாகக் கணக்கிடுங்கள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், சர்க்கார் உத்தரவும் வேண்டாம்.