பினாங்கின் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது, தெரியுமா?

பினாங்கின் கதை எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் நம்மில் பலர் சட்டென்று 1786 என்போம். பிரான்சிஸ் லைட் வந்தார், கொடி ஏற்றினார், ஊர் பிறந்தது! ஆனால் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால், 1786-க்கு ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே வாழ்ந்து, இறந்து, அன்போடு அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெண் கண்டெடுக்கப்பட்ட இடத்துக்குப் போய்விடலாம்!

வரலாற்றில் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, "தெரியுமா?" மற்றொன்று, "எப்படித் தெரிந்தது?" முதல் கேள்விக்குப் பதில் பாடநூலில் இருக்கிறது. இரண்டாவதன் பதிலோ மண்ணிலும் பாறையிலும் பழைய கட்டடங்களிலும் தாத்தா பாட்டியின் நினைவிலும் கிடக்கிறது. வாருங்கள், இரண்டையும் சேர்த்தே கேட்போம்!

ஊரின் பெயரே ஒரு சாட்சி!

பாலத்துக்கு அப்பால் உள்ள செபராங் பிறையின் வடபகுதியில், மூடா ஆற்றுக்கு அருகே குவார் கெப்பா என்றொரு சிற்றூர். வட மாநிலங்களின் மலாய் வழக்கில் 'குவார்' என்றால் மேடு. 'கெப்பா' என்றால் மட்டிச் சிப்பி. ஆக, சிப்பி மேடு! அங்கே வாழ்ந்த ஆதி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக மட்டியைத் தின்று ஓட்டை வீசிய இடமே மேடாக உயர்ந்துவிட்டது. அன்றைய குப்பைமேடு இன்றைய ஆய்வாளருக்குப் புதையல்! ஒரு காலத்தில் சுண்ணாம்பு சுடுவதற்காக ஆட்கள் இந்தச் சிப்பிகளை வண்டி வண்டியாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1860-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல் என்ற ஆங்கிலேய அதிகாரி கவனித்து எழுதியதால்தான் உலகத்துக்கு இந்த இடம் தெரிய வந்தது.

கூடம் கட்டப் போனார்கள், ஆளே கிடைத்தார்!

2017 ஏப்ரலில் குவார் கெப்பாவில் ஒரு தொல்லியல் காட்சிக்கூடம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய கண்டுபிடிப்புகளை மக்களுக்குக் காட்டத்தான் அந்தக் கூடம். தளத்தைச் சீர்செய்தபோது மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் தலைகாட்டின! பினாங்கிலேயே உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் வந்தார்கள். மண்வெட்டி ஒதுங்கியது, கரணையும் தூரிகையும் வந்தன. ஒரு விரற்கடை மண்ணை நீக்கினால் ஒரு படம், ஓர் அளவு, ஒரு குறிப்பு. அள்ளிய மண்ணைக்கூட வீசுவதில்லை. ஒரு பல், ஒரு மீன் முள் தப்பிவிடக் கூடாதென்று சல்லடையில் சலிக்கிறார்கள். அப்படி வெளிப்பட்டவர்தான் 'பினாங்குப் பெண்'. வயது சுமார் 5,700 ஆண்டுகள்! சுற்றிலும் சிப்பிகள், கற்கருவிகள், மட்பாண்டத் துண்டுகள். அன்று எழுத்து இல்லை, கல்வெட்டு இல்லை. ஆனால் இறந்தவரை மரியாதையோடு வழியனுப்பும் மனம் இருந்திருக்கிறது!

அணுவுக்குள் ஒரு கடிகாரம்!

5,700 ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்? உயிருள்ள ஒவ்வொன்றும் கார்பன்-14 என்ற அணுவைக் காற்றிலிருந்தோ உணவிலிருந்தோ சேர்த்துக்கொண்டே இருக்கிறது. உயிர் போன நொடியோடு வரவு நிற்கிறது, செலவு மட்டும் தொடர்கிறது! சேர்த்து வைத்ததில் சரிபாதி அழிய 5,730 ஆண்டுகள் ஆகும். எலும்பிலும் கரியிலும் சிப்பியிலும் மிச்சமிருக்கும் அணுவை அளந்தால் காலம் தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால், பினாங்குப் பெண்ணின் காலத்துப் பொருள் ஒன்றில் இன்று ஏறக்குறைய பாதிதான் மீதமிருக்கும். இயற்கை தானே எழுதி வைத்த கணக்கு இது!

கை குறைந்தவரை ஊரே தாங்கியது!

பினாங்குப் பெண்ணுக்கும் மூத்தவர் ஒருவர் உண்டு. பக்கத்துப் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், குனுங் ருந்துக் குகையில், 1991-இல் பேராசிரியர் சுராய்னா மஜீத்தின் தலைமையில் அதே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. இவர்தான் 'பேராக் மனிதர்'. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவர். உயரம் 157 சென்டிமீட்டர். தாயின் வயிற்றில் குழந்தை கிடப்பதுபோல் கால்களை மடக்கிப் படுக்க வைத்திருந்தார்கள்.

பிறவியிலேயே இவருடைய இடக்கை சூம்பியிருந்தது. வேட்டையாடித்தான் சாப்பிட வேண்டிய காலத்தில் ஒரு கை சரியில்லாதவர் நடுவயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்! தனியாக வாழ்ந்திருக்க முடியுமா? கூட்டம் அவரைத் தாங்கியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சிப்பிகளையும் கற்கருவிகளையும் இறைச்சியையும் உடன் வைத்துப் புதைத்ததைப் பார்த்தால், அவர் மதிப்புக்குரியவராக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எலும்பு அன்பையும் பேசுமா என்றால், பேசும்! லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது.

தேவாலய வளாகத்தில் பல்லவ எழுத்து!

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவுக்கு நம்மில் எத்தனையோ பேர் போயிருப்போம். அந்த வளாகத்திலேயே ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறது, கவனித்தீர்களா? அதுதான் செரோக் தொக்குன் கல்வெட்டு. பல்லவ எழுத்தில், சமஸ்கிருத மொழியில் வெட்டியது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாவது பழமையானது! 1845-இல் கர்னல் ஜேம்ஸ் லோ அதைப் பதிவு செய்தார்.

இவரேதான் 1834-இல் செபராங் பிறையில் இன்னொரு கல்லையும் கண்டெடுத்தார். புத்தகுப்தர் என்ற 'மகாநாவிகர்', அதாவது பெரிய மாலுமி, தம் கடற்பயணம் இனிதே முடிய வேண்டுமென்று வேண்டிப் பொறித்த கல். காலம் ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டு. அது இன்று கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லைட்டின் கப்பல் வருவதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரை கப்பல்காரர்களுக்குப் பழகிய கரை!

இரும்பு உருக்கிய கடாரம்!

மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்துக்கு அடியில், இரும்பு உருக்கிய உலைகளையும் உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்களையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பட்டினப்பாலை சொல்லும் 'காழகம்' கடாரமே என்று உரை எழுதியவர் நச்சினார்க்கினியர். முதலாம் ராஜேந்திர சோழன் 1025-இல் கடல் கடந்து வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு சொல்லும் கடாரமும் இதுதான் என்பது அறிஞர் பலரின் முடிவு. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் கல்வெட்டு, ஒரு பக்கம் உலைக் குழாய். மூன்று சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் வரலாறு உறுதிப்படுகிறது!

வருத்தமான செய்தி ஒன்றும் உண்டு. இதே பள்ளத்தாக்கில் 'சண்டி 11' என்ற பழங்கோயிலின் அடித்தளம் 2013-இல் நில மேம்பாட்டு வேலையில் இடிபட்டது. நூற்றாண்டுகளாக மழையையும் வெயிலையும் தாங்கி நின்ற சாட்சி, இயந்திரத்தின் முன் நிற்க முடியவில்லை.

ஒரே ஊருக்குப் போன நம் இரு சாட்சிகள்!

நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்கும் நமக்கும் என்ன உறவு? 1934-இல் குவார் கெப்பாவை அகழ்ந்தவர் வான் ஸ்டெயின் காலன்ஃபெல்ஸ் என்ற டச்சு அறிஞர். அந்த மேடுகளில் கிடைத்த 41 பேருடைய எலும்புகள் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளும் அதே ஊருக்குத்தான் போயின! 21 ஏடுகள், சுமார் 30 கிலோ எடை. 'லெய்டன் செப்பேடுகள்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். நம் வரலாற்றைப் படிக்க நம் ஆய்வாளர்கள் எத்தனை கடல் தாண்ட வேண்டியிருந்தது, பாருங்கள்!

சிலையில் இருப்பது யார் முகம்?

கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட் சிலையின் முன் படம் எடுக்காத பினாங்குக்காரர் குறைவு. 150-ஆவது ஆண்டுக்காக 1936-இல் செய்த சிலை அது. ஆனால் லைட் எப்படி இருப்பார் என்று காட்டும் ஓவியம் எதுவும் கிடைக்கவில்லை! அதனால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வடிவமைத்த அவருடைய மகன் வில்லியமின் சாயலில் முகத்தைச் செதுக்கினார்கள். அப்பாவின் பெயர், மகனின் முகம்!

காட்டை வெட்ட ஆட்களை ஊக்கப்படுத்த லைட் பீரங்கியில் வெள்ளிக்காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்ற கதையும் நமக்குத் தெரியும். இதை வகுப்பில் சொன்னதும் பிள்ளைகளின் கண் விரியும். அந்த நொடியில் ஆசிரியர், "இதை யார் எழுதி வைத்தார்? எப்போது எழுதினார்? கெடா சுல்தானின் தரப்பு என்ன சொல்கிறது?" என்று கேட்டுவிட்டால் போதும். கதை கேட்ட பிள்ளை அங்கேயே ஆய்வாளர் ஆகிவிடும்! பினாங்குக்காக அந்தச் சுல்தானுக்கு ஆண்டுதோறும் தருவதாக ஒப்பிய தொகையின் தொடர்ச்சி இன்னும் முடியவில்லை. ஆண்டுக்கு 10,000 ரிங்கிட்டாக இருந்து, 2018-இல் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டு, கூட்டரசு அரசாங்கம் இன்றும் கெடாவுக்குக் கொடுத்துவருகிறது!

தமிழ்க் கல்விக்கும் இங்கேதான் தொட்டில்!

1816 அக்டோபர் 21. பாதிரியார் ராபர்ட் ஹட்சிங்ஸ் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கினார். தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி. அங்கே ஏற்பட்ட தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எண்ணுகிறோம். 2016-இல் நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகள் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடியது அதற்காகத்தான்! இன்று பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். ஃபார்குவார் சாலையில் அந்தப் பள்ளி இயங்கிய பழைய கட்டடத்தின் ஒரு பாதி இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கு இரையாயிற்று. எஞ்சிய பாதி 1965-இல் மாநில அருங்காட்சியகமானது. வரலாறு கற்பித்த கட்டடமே வரலாற்றைக் காக்கும் கட்டடமாயிற்று!

அங்கிருந்து சற்று நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல், எல்லாம் நடை தூரத்தில்! 2008 ஜூலை 7-இல் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரானது. இதைவிட நல்ல வகுப்பறை எங்கே கிடைக்கும்?

பாடநூலின் முதல் அரசர் நீங்கள்தான்!

மலேசியாவில் வரலாறு நான்காம் ஆண்டிலேயே தொடங்குகிறது. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேறியே ஆக வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அந்த நான்காம் ஆண்டுப் பாடம் எங்கே தொடங்குகிறது? மலாக்காவிலா? பனியுகத்திலா? இரண்டும் பிறகுதான்! முதலில் வருவது பிள்ளையின் சொந்தக் குடும்பம், அடுத்து பள்ளி, அடுத்து குடியிருக்கும் ஊர். வரலாறு வீட்டு வாசலில் தொடங்குகிறது என்று பாடத்திட்டமே ஒப்புக்கொள்கிறது!

அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அலமாரிக்கு மேலே ஒரு தகரப் பெட்டி. உள்ளே சுருண்ட ஓரங்களோடு ஒரு பழைய கடப்பிதழ், நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த தாத்தாவின் முத்திரை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, யாரென்றே தெரியாத நால்வர் நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பாட்டியிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "ஜப்பான்காரன் காலத்துக்கு முந்தியா, பிந்தியா? மெர்டேக்காவுக்கு முந்தியா? பாலம் கட்டுறதுக்கு முந்தியா?" என்று கேளுங்கள். 1941, 1957, 1985 என்று ஆண்டுகள் தாமாக வந்து நிற்கும்! தொல்லியலார் மண்ணை அடுக்கடுக்காக நீக்குவது போலத்தான் இதுவும்.

குவார் கெப்பாவின் பெண்ணுக்கு என்ன பெயர்? எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டுப் படத்தில் நிற்கும் நால்வரின் பெயரும் இன்று ஒருவர் நினைவில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்காருங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். மென்மையான பென்சிலால் படத்தின் பின்பக்கம் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, சொன்னவர் யார். பாட்டி இருக்கும்போதே எழுதிவிடுங்கள்!