பெட்டிக்குள் ஒரு தாத்தா!

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் முதல் மகா யுத்தத்து வெள்ளி மெடல் கிடக்கிறதா? தட்டானிடம் போடுமுன் சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே!

அந்த யுத்தத்தில் சண்டையிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் தஸ்தாவேஜுகள் லண்டன் கிடங்கு ஒன்றில் இருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானியர் குண்டு வீச, பாதிக்கு மேல் சாம்பலாயின. தாத்தாவைத் தேடும் ஆங்கிலப் பேத்திகள் பலருக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் மெடல் வழங்கிய கணக்கு அட்டைகள் பிழைத்தன! மெடலின் விளிம்பை உற்றுப் பார்த்தால் பெயர், நம்பர், பட்டாளம் எல்லாம் பொறித்திருக்கும். அதைக் கொண்டு அட்டையைத் தேடலாம். சில அட்டைகளில் அவர் எந்தப் போர்முனைக்கு, எந்தத் தேதியில் போனார் என்பதும் உண்டு.

நம் நாட்டுச் சிப்பாய்கள் பெற்ற மெடல்களிலும் பெயர் உண்டு. உருக்கினால் வெள்ளி மிஞ்சும். தாத்தாவின் பெயர் மிஞ்சுமா?