இழுத்தாலும் குலையாத உருவம்

உபாத்தியாயர் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரையும் முக்கோணம் எப்போதும் ஒரே ஒரு முக்கோணந்தான். ஆனால், அதைக் கொண்டு அவர் நிறுவப் புகும் தேற்றமோ, இதுவரை வரையப்பட்டனவும் இனி வரையப்படப் போவனவுமான முக்கோணங்கள் அனைத்தையும் பற்றியது. இந்த ஒன்றிலிருந்து அந்த அனைத்திற்கும் மாணவன் தன் மனத்தாலேயே தாவ வேண்டும் என்பது, யூக்ளிட் காலம் முதற்கொண்டு க்ஷேத்திர கணிதம் கற்பித்தோர் எல்லோருக்கும் இருந்துவந்த சிரமமாகும். அவ்வாறு தாவ இயலாத பிள்ளைகள் படத்தையே மனப்பாடம் செய்துகொண்டு, பரீட்சையில் அதே முக்கோணம் சற்றே திரும்பி வேறு எழுத்துக்களுடன் வந்துவிட்டால் திகைத்துப் போகிறார்கள். புத்தியில் குறைந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது அநியாயம். அசையாத ஒரு படத்தைக் காட்டி, அசைகின்ற ஒரு கருத்தை அவர்களிடம் நாம் எதிர்பார்த்திருக்கிறோம்.

இந்தச் சிரமத்தைப் போக்குவதற்கென்றே அமைந்தது போன்ற கணினிச் சாதனம் ஒன்று இன்று நம் பாடசாலைகளில் புழங்குகிறது. அதன் பெயர் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியா தேசத்தின் சால்ஸ்பர்க் சர்வகலாசாலையில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர், 2001-ஆம் ஆண்டில், முதுகலைப் பட்டத்திற்கான தம் ஆய்வின் பகுதியாக இதை எழுதத் தொடங்கினார். பிரான்சில் கிரெனோபிள் நகரத்தார் 1980-களிலேயே ஆக்கிய காப்ரி என்பதும், 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் என்பதும் இதற்கு முன்னோடிகள். அவை பெரும்பாலும் வடிவங்களோடு நின்றன; இதுவோ திரையின் ஒருபுறம் வடிவத்தையும் மறுபுறம் அதற்குரிய சமன்பாட்டையும் வைத்து, ஒன்று மாறினால் மற்றதும் உடனே மாறும்படி இரண்டையும் பிணைத்தது. மாணவரும் ஆசிரியரும் விலையின்றிப் பெறலாம் என்பதும், தமிழிலேயே கட்டளைகளைக் காட்டும் என்பதும் நமக்கு வாய்த்த கூடுதல் அனுகூலங்கள்.

இதன் உள்ளமைப்பு சற்று ஊன்றிப் பார்க்கத் தக்கது. திரையில் நாம் வைக்கும் புள்ளிகள் இரு ஜாதி: நம் விருப்பப்படி எங்கும் இழுக்கத்தக்க சுயேச்சைப் புள்ளிகள் ஒன்று, அவற்றைச் சார்ந்து பிறந்தவை மற்றொன்று. முன்னவை நீல நிறத்திலும் பின்னவை கரிய சாம்பல் நிறத்திலும் தோன்றும். இரு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மையப் புள்ளி வேண்டுமென்று கேட்டால், இயந்திரம் அதன் இடத்தை மாத்திரம் குறித்துக்கொள்வதில்லை. 'இன்ன இரண்டின் நடு' என்ற உறவையே குறித்துக்கொள்கிறது. பிறகு சுட்டியால் ஒரு முனையைப் பிடித்து இழுக்கும்போது, அதைச் சார்ந்தவை எவை, அவற்றைச் சார்ந்தவை எவை என்று வரிசையாகத் தேடிச் சென்று, ஒவ்வொன்றின் ஆயத்தொலைவுகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி கணக்கிட்டு வரைந்து விடுகிறது.

ஆகவே, கண்மட்டத்தில் நான்கு புள்ளிகளை வைத்துச் சதுரம் போலத் தோன்றச் செய்த உருவம், ஒரு மூலையைத் தொட்டு இழுத்ததுமே கோணிப்போகும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு முறைப்படி அமைத்த சதுரமோ, எப்படி இழுத்தாலும் பெருகும், சுருங்கும், திரும்பும், சதுரமாகவே இருக்கும். தோற்றத்தையும் இலக்கணத்தையும் இவ்வளவு பிரத்தியக்ஷமாகப் பிரித்துக் காட்டும் உபகரணம் வடிவியல் பெட்டியில் வேறொன்றும் கிடையாது என்பது என் துணிபு. கவராயமும் பாகைமானியும் வரைந்ததை இப்படி இழுத்துச் சோதிக்க மாட்டா.

மதுரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றையொன்று சூழ்ந்து செல்லும் வீதிகளுள், சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடும் மாசி வீதிகள் நான்கையும் எடுத்துக்கொள்வோம். அவை பார்வைக்குச் சதுரம் போலிருந்தாலும் அளவிற் சரியான சதுரமல்ல. அவற்றின் நான்கு திருப்பங்களிலும் ஒவ்வொரு புள்ளியை வைத்து, நான்கு வீதிகளின் நடுப்புள்ளிகளையும் அடுத்தடுத்து இணைத்தால், உள்ளே ஓர் இணைகரம் கிடைக்கும். இதிலென்ன அதிசயம் என்று தோன்றலாம். மேலமாசி வீதியின் ஒரு முனையைப் பிடித்து ஆரப்பாளையம் வரைக்கும் இழுத்துவிடுங்கள். தெற்குமாசி வீதியின் முனையைக் கோயிலுக்குள்ளேயே தள்ளி நாற்கரத்தை அம்புமுனை போல் குழிவாக்குங்கள். உள்ளே இருப்பது அப்போதும் இணைகரந்தான். இரண்டின் பரப்பளவையும் காட்டச் சொன்னால், உள்ளே இருப்பது வெளியே இருப்பதில் சரிபாதி. பிரெஞ்சுக் கணித அறிஞர் வாரினியோன் கண்டதும், அவர் காலஞ்சென்ற பின் 1731-இல் அச்சேறியதுமான தேற்றம் இது.

உள்ளே இருப்பது இணைகரமாவதன் காரணமும் எளிதே. வெளி நாற்கரத்திற்கு ஒரு மூலைவிட்டம் வரைந்தால் அது இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். முக்கோணத்தின் இரு பக்க நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்திற்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்குமாதலால், உள் உருவத்தின் எதிர்ப்பக்கங்கள் இரண்டும் அந்த ஒரே மூலைவிட்டத்திற்கு இணை, அதில் பாதி. அவ்வளவுதான் நிரூபணம்.

தமிழ்நாட்டில் இந்தச் சாதனம் பரவலாக அறிமுகமானது பாடநூல் வழியாக. 2018-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களின் கணிதப் பாடங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதி இடம்பெற்றது. அங்கே அச்சிட்டுள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்தால், அந்தப் பாடத்திற்கென்று செய்துவைத்த ஜியோஜீப்ரா பணித்தாள் திறக்கும். அதில் எண்ணின் மதிப்பை மாற்றும் 'நழுவல்' என்ற பிடியை நகர்த்தினால் வளைகோடு உயர்வதும் விரிவதும் தெரியும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஏறக்குறைய 6,000-இல் ஹைடெக் லேப் என்று எல்லோரும் அழைக்கும் ஆய்வகங்களும் அமைக்கப்பட்டதால், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நகரத்துப் பிள்ளைகளைப் போலவே இந்த வசதி எட்டியிருக்கிறது. இணையம் வராத நாளிலும் பழுதில்லை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணைப்பின்றியே இது வேலை செய்யும்.

எனினும், ஆயத்தமாக வந்த பணித்தாளில் நழுவலை இப்படியும் அப்படியும் நகர்த்தி விட்டு எழுந்துபோகும் மாணவன், சினிமாப் பார்த்தவனைக் காட்டிலும் அதிகம் கற்றானென்று சொல்வதற்கில்லை. வெறும் திரையில் முதற்புள்ளியைத் தானே வைத்து, நடுப்புள்ளியைத் தானே கேட்டுப் பெற்று, உருவத்தைத் தானே இழுத்துக் குலைக்க முயல்பவனுக்கே பாடம் கைவரும். புரொஜெக்டர் ஒன்றே உள்ள வகுப்பிலும், சுட்டியை ஆசிரியர் தம் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துக் கொடுத்தல் நலம். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு: இயந்திரம் வழக்கமாக இரண்டு தசம ஸ்தானங்களோடு நிறுத்திக் காட்டுவது; அது 90 என்று எழுதிய கோணம் உண்மையில் 89.998 ஆகவும் இருக்கக்கூடும். நூறு முறை இழுத்தும் மாறவில்லை என்பது வலுவான ஊகத்தைத் தருமேயன்றி நிரூபணத்தைத் தராது. அதற்குக் கரும்பலகைக்கே திரும்பி வர வேண்டும்.

ஆதலால் இதைக் கையாளும் ஆசிரியருக்கு முதலில் வேண்டியது நல்ல கேள்வி. முன் சொன்ன மாசி வீதிப் படத்தையே வைத்துக்கொண்டு, "உள்ளே இருப்பது செவ்வகமாக வேண்டுமானால் வெளியே என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கலாம். வெளி நாற்கரமும் செவ்வகமாக வேண்டும் என்றுதான் வகுப்பில் பெரும்பாலோர் சொல்வர். செய்து பார்த்தால் உள்ளே சாய்சதுரம் வந்து நிற்கும். மறுபடியும் இழுத்து இழுத்துத் தேடுகையில், வெளியுருவம் எத்தனை கோணலாயிருந்தாலும், அதன் மூலைவிட்டங்கள் இரண்டும் செங்குத்தாக வெட்டிக்கொண்டால் போதும் என்பது புலப்படும். அவை நீளத்தில் சமமானால் சாய்சதுரம், செங்குத்தும் சமமும் சேர்ந்தால் சதுரம்.